கோழி என்ற பெயரை நீக்கியவள்

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இருந்த கோழிக்குஞ்சுகள் அத்தனையும், அன்று காலைதான் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்ததும் இறகு எட்டிப்பார்க்க ஆரம்பித்ததும், தீவனம் கொத்திக்கொண்டிருந்ததும் பல்பு வெளிச்சத்தில் கண்ணயர்ந்திருந்ததும், தலையைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, ஒரே பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தன. சத்தம் போடவில்லை, சாகவில்லை, தீவனத்தை வெறுக்கவில்லை. தின்றுவிட்டுத் திரும்பவும் அந்தப் பக்கமே பார்த்தன. பண்ணைக்காரர்கள் வந்து காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்கள், நாய் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றதும் பக்கத்துப் பண்ணைக்காரன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று முடிவுகட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அதே நேரத்தில் சேலம் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில், சுகுணா ஒரு பெயரை மாற்றி முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அந்தக் கம்பெனிக்கு வேலை, முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டிகளுக்கு புரோகிராம் எழுதுவது. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தட்டை எப்போது சாய்ப்பது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க, சி என்ற கணினி மொழியில் எழுதிய கட்டளைத் தொகுப்பு ஒன்று, அவர்கள் பாஷையில் ஒரு லைப்ரரி, இருந்தது. அதை எழுதிய ஜெகதீசன் என்ற மனுஷர், பெட்டிக்குள் இருக்க வேண்டிய சூட்டைக் குறிக்கும் டைப்புக்கு, அதாவது அந்த அளவு வகைக்கு, கோழி என்று பெயர் வைத்திருந்தார். முட்டைக்குச் சூடு கொடுப்பது கோழி, இங்கே சூடுதான் அந்த வேலையைச் செய்கிறது, அப்புறம் அதைக் கோழி என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். படிக்கிறவர்கள்தான் இங்கே முடியைப் பிய்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் கோழி என்றால் பண்ணையில் இருக்கும் கோழிகளின் எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டு அந்த எண்ணைக் கொடுக்க, ஒரு பெட்டி முட்டை முழுசாக அவிந்துபோனது. முதலாளி தங்கவேல் அந்த முட்டையில் ஒன்றை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "சுகுணாம்மா, மொதல்ல அந்தப் பேர மாத்துங்க. இல்லாட்டி நம்மெல்லாம் முட்டை போண்டா கடைதான் வெக்கணும்" என்றார்.

சுகுணா மாற்றினாள். கோழி என்று இருந்த இடத்திலெல்லாம் அடைச்சூடு என்று போட்டாள். லைப்ரரி முழுக்க அந்தக் கோழியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது என்பதால் மாற்றம் எல்லாக் கோப்பிலும் புகுந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா, கோணல்மாணலாகக் கிடந்த வரிகளையும் அதே கையோடு நேராக்கிவிட்டாள். பக்கத்து மேசை ரஃபீக், "அக்கா, பேர மாத்தறதத் தனியாவும் வரிய நேராக்கறதத் தனியாவும் பண்ணுங்க, ஒண்ணாப் பண்ணுனா எல்லா வரியும் உங்க பேருக்கு வந்துரும்" என்றான். வந்தால் வரட்டும் என்றாள் அவள். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கிட் என்கிற ஒன்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று பெயரோடு சொல்லும். அதைக் கேட்கிற கட்டளைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கே பழி என்றுதான் அர்த்தம். அன்று மத்தியானம் முதல் அந்த லைப்ரரியில் எந்த வரியைக் கேட்டாலும் சுகுணா, சுகுணா, சுகுணா என்றே பதில் வந்தது.

இத்தனைக்கும் பெயரை மாற்றினால் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. புரோகிராமைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்கும் கம்பைலர், மனிதர்கள் வைத்த பெயர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் எண்களை மட்டும்தான் அனுப்பும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இருக்காது. குஞ்சுகளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், தெரிந்தது, அவ்வளவுதான். தாயின் பெயரை ஒருத்தி எடுத்துவிட்டாள் என்றால், பிள்ளைகள் அவளைத்தானே பார்க்கும்.

மோகனூர்ப் பக்கத்துக்காரன் டீக்கடையில் வடக்கே பார்க்கிறது என்றான், ராசிபுரத்துக்காரன் தெற்கே என்றான், திருச்செங்கோட்டுக்காரன் கிழக்கே என்றான். மூன்று பேரும் முதலில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் நடுவில் ஏதோ இருக்கிறது என்று ஒருவனுக்கு உறைத்தது. சாயங்காலம் அந்த நடு மெல்ல நகர்ந்து, ரோட்டோடு போய், ஒரு வீட்டில் நின்று, காலையில் திரும்பவும் சேலம் ரோட்டுக்கு வந்தது. அதைப் பின்பற்றி நாலு பேர் பைக்கில் வந்தபோது, சுகுணா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒருவன் கையில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் இருந்த குஞ்சுகள் அவளைக் கிட்டத்தில் கண்டதும் அதுவரை இல்லாத கத்தல் கத்தின. கிட்டத்தில் வந்தால்தான் கத்தும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. தடுப்பூசி போடுகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது, குஞ்சுகள் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. தீவனத் தட்டைச் சுகுணா இருக்கும் பக்கமாக வைத்தால் நன்றாகத் தின்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வாஸ்து பார்ப்பவர் ஒருவர் திசைகாட்டியோடு பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, அந்தப் பெண் வீடு மாற்றினால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். பண்ணை வீட்டுப் பெண்கள் குஞ்சைப் பார்த்து, "சுகுணா ஆபீசு கெளம்பிருச்சு, இன்னும் நீ பல்லு வெளக்கலையா" என்று பிள்ளைகளை எழுப்பினார்கள். இறகு முளைத்த குஞ்சுகள் அவளை மறந்து தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு போயின. ஆனால் தினமும் புதிதாகப் பொரித்துக்கொண்டே இருந்ததால் பார்க்கிற கண்களுக்குக் குறைவே இல்லை.

பழகிக்கொண்டதே தவிர நம்பவில்லை. தங்கவேலுக்கு போன் மேல் போன் வந்தது. சிப்புக்குள் என்னத்தையோ வைத்துவிட்டாள் என்றார் ஒருவர். பெட்டிகளை எல்லாம் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றார் இன்னொருவர். பழைய புரோகிராமே ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளில் பொரித்த குஞ்சுகளும் அவளைத்தான் பார்க்கின்றன என்று தெரிந்ததும் சந்தேகம் இரண்டு மடங்கானது. தங்கவேல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பார்த்தார்.

"ஒண்ணுமே மாறலியேம்மா."

"மாறாதுங்க சார். பேரு மட்டுந்தான்."

"ஒண்ணுமே மாறாதுன்னா அப்பறம் எதுக்கு மாத்துனீங்க?"

மாற்றச் சொன்னதே அவர்தான் என்பதை சுகுணா சொல்லவில்லை. ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றினாலே யாருக்கு லாபம் என்று கேட்கிற ஊரில், வெறும் பெயரைத்தான் மாற்றினேன் என்று சொல்பவளை யார் நம்பப்போகிறார்கள். ஆபீசில் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் நாலு தலை திரும்பியது. குஞ்சுகள் பார்த்ததைவிட மனிதர்கள் பார்த்ததுதான் அவளை அரித்தது.

அதிலும் அவளுக்கு ஒளிப்பதற்கு ஒன்று இருந்தது. அவள் தங்கை தேன்மொழி, மதியழகன் என்ற ஜேசிபி டிரைவரோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மதியழகன் வேறு சாதி. அப்பா இல்லாத அந்த வீட்டில் அதிகாரமெல்லாம் தாய்மாமன் நல்லசிவத்துக்கு. அவர் அன்றைக்கே, ரெண்டு பேரையும் கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று கோயில் வாசலில் நின்று சொன்னவர். சொன்னதைச் செய்கிறவர் என்று ஊரில் பெயர் வேறு. தங்கை எங்கே இருக்கிறாள் என்பது சுகுணாவுக்கு மட்டும் தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வடக்கே, தர்மபுரிப் பக்கம் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரை நாமும் சொல்ல வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்களோ.

நல்லசிவத்துக்கும் கோழிப்பண்ணை இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, சுகுணாவின் அம்மா கொடுத்த காபியை நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மிணி, போன மாசம் ஞாயித்துக்கெழமை எங்க போயிருந்த?"

"பல்லு டாக்டர்ட்டீங் மாமா."

"நாமக்கல்லுல பல்லு டாக்டருக்குப் பஞ்சமா? பொழுதுக்கும் குஞ்சுக வடக்கயே பாத்துட்டு நின்னுதே."

"சேலத்துல ஒருத்தரு நல்லாப் பாக்கறாருங்."

"நல்லாப் பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்" என்று எழுந்து, அவள் தலையில் கையை வைத்தார். "போயிட்டு வா கண்ணு. எத்தன வாட்டி வேணாலும் போ. மாமன் உன்னையத் தடுப்பனா?"

தடுக்காத மாமனை அவள் அதுவரை கண்டதில்லை.

அவர் போன பிறகு அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மாமன் வாஸ்துக்காரர்ட்ட அந்தத் தெச காட்டற முள்ளு டப்பாவ வெலைக்கு வாங்கிட்டானாமா. ஒரு பெட்டி குஞ்ச ஆத்தூர்ல கூட்டாளி வீட்டுல கொண்டுபோயி வெச்சிருக்கறான். என்னத்துக்குன்னு எனக்கென்ன தெரியும்." அம்மா தெரியாமல் சொன்னாளா தெரிந்து சொன்னாளா என்று சுகுணா கேட்கவில்லை, அந்த வீட்டில் கேட்டால்தான் ஆபத்து. ஆனால் கணக்கு அவளுக்கு உடனே புரிந்தது. பண்ணையில் குஞ்சுகள் பார்க்கும் திசைக்கு மேப்பில் ஒரு கோடு, ஆத்தூரில் பார்க்கும் திசைக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தங்கை வீடு. முதல் கோடு போன மாதமே அவரிடம் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறை அவள் போனால் போதும்.

அவள் போகவில்லை. அந்த ஞாயிறு போகவில்லை, அடுத்த மாத ஞாயிறும் போகவில்லை. தேன்மொழிக்கு நிறைமாதம். போனில் பேசுவதற்கே இருவருக்கும் பயம். எப்போதாவது யாரோ ஒருவர் நம்பரிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, வருவீல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சுகுணா வரேன் என்பாள். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுவாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான்: எடுத்த பெயரைத் திரும்ப வைத்துவிட்டால் என்ன? அடைச்சூடு என்பதையெல்லாம் திரும்பவும் கோழி என்று மாற்றினாள். குஞ்சுகள் அசையவில்லை. மாற்றியதும் அவள்தானே, எல்லா வரியும் இன்னமும் சுகுணா என்றுதான் சொன்னது. திரும்ப அடைச்சூடு என்றே வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவள் சாப்பிடாமல் மெலிவதைப் பார்த்துக் கேட்டவன் ரஃபீக் ஒருவன்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேற யாராச்சும் எல்லா வரியவும் தொட்டா போதும் அக்கா" என்றான். "அவங்க பேருக்குப் போயிரும்."

"நீ தொடறியா?"

அவன் சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தினான். "தொடறேன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாளைக்குக் காலைல இந்த ஜில்லாக் குஞ்செல்லாம் ஒரு ரஃபீக்கப் பாத்து நிக்கும். உங்க மேலயாவது வெறும் சந்தேகம். என் மேல என்னென்ன சொல்லுவாங்க, யார் யார் வந்து கதவத் தட்டுவாங்க?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் அதை அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரஃபீக்கே, திரையைப் பார்த்தபடி, தன்பாட்டில் சொல்வதுபோலச் சொன்னான்: "யார் பேரப் போடணும்ங்கறது டைப் பண்றவங்க கையிலதான் இருக்கு. கிட்டு வந்து ஆதார் கார்டா கேக்கப்போகுது."

அந்தத் தொழிலில் அதைவிட ஈனக்காரியம் இல்லை. செய்யாதவன் பெயரில் வேலையைப் பதிவது, கள்ளக் கையெழுத்துக்குச் சமம். பத்து வருஷத்தில் சுகுணா ஒரு வரியைக்கூட அப்படிப் பதிந்ததில்லை. அப்படிச் செய்த ஒருவனை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னவளே அவள்தான். அதனால் அன்றும் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஒரு தெரியாத நம்பரிலிருந்து மதியழகன் பேசினான்: "வலி வந்துருச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்தியிருக்கறேன். உங்களையேதான் கேக்கறா." அவன் பின்னால் தங்கை கத்துவது கேட்டது.

சுகுணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடைச்சூடு என்று இருந்ததையெல்லாம் வெறும் சூடு என்று மாற்றினாள். தான் நேராக்கிய வரிகளையெல்லாம் பழையபடி கோணலாக்கினாள். ஒரு வரி மிச்சமில்லாமல் தொட்டாள். செய்தவர் பெயர் என்ற இடத்தில், நல்லசிவம் என்று அடித்து என்டரைத் தட்டினாள். தட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அந்த நேரத்தில் நல்லசிவம் தன் பண்ணையில், குஞ்சுகளின் பக்கத்தில் திசைகாட்டியைத் தரையில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தார் என்றும், கொட்டகை நிறைய இருந்த குஞ்சுகள் ஒன்றாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தன என்றும், அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கமும் பார்த்தன என்றும், ஆத்தூர்க் கூட்டாளி போன் செய்து, "என்றா நல்லசிவம், இதுக உம்பட பண்ணையப் பாக்குது, அந்தப் புள்ள உன் வீட்டுக்கு வந்திருக்கறாளா?" என்று கேட்டான் என்றும் பிறகு ஊரார் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

தேன்மொழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகுணா நீண்ட லீவு எழுதிப் போட்டுவிட்டு அங்கேயே இருந்து, வெந்நீர் வைத்து, பத்தியச் சோறு ஆக்கி, குழந்தையைக் குளிப்பாட்டினாள். மதியழகன் பக்கத்து ஊர்க் கடையில், நாமக்கல்லில் இருந்து வந்திருந்த ஒரு பெட்டி குஞ்சு வாங்கி வந்து வாசலில் கூடைக்கடியில் விட்டான். குஞ்சுகள் மாமன் இருக்கும் தெற்கே பார்த்து நின்றன. தங்கை படுக்கையில் இருந்தபடியே காலையில் கண்ணைத் திறந்ததும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கூடையைத்தான் பார்த்தாள்.

ஊரில் இப்போது நல்லசிவத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆளுங்கட்சிக்காரர்களோடு சேர்ந்து ஏதோ பெரிதாகச் செய்துவிட்டார் என்றார்கள். அவர் பங்காளிகளோடு பேச எங்கே போனாலும் எதிராளிக்கு முன்னாலேயே தெரிந்தது. சீட்டாடப் போனது வீட்டுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எல்லாரையும் நோட்டம் விட்டவரை இப்போது பச்சைக்குஞ்சுகள் நோட்டம் விட்டன. ஆனால் முன்பு போட்ட ஒற்றைக் கோடு அவர் கையில் இருந்தது. ஒரு நாள் அவர் அந்தக் கோட்டின் மேலேயே காரை ஓட்டிக்கொண்டு, ஊர் ஊராக நிறுத்தி, ஜேசிபி ஓட்டுகிற பையன், வெளியூர்ப் பெண்ஜாதி என்று விசாரித்துக்கொண்டே வடக்கே வந்தார்.

அன்று சுகுணா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மதியழகன் வேலைக்குப் போயிருந்தான். கூடைக்கடியில் இருந்த குஞ்சுகள் கத்தின. அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி, குழந்தையைத் தங்கையின் தோளில் போட்டு, "பின்னால போ. தண்ணி டேங்க் ஆபரேட்டர் வீட்டுக்குப் போயிரு. திரும்பிப் பாக்காத" என்று அவளைப் பின்கட்டு வழியாகத் தள்ளிவிட்டு, வாசலுக்கு வந்து கூடையைத் தூக்கிக் குஞ்சுகளைத் திறந்துவிட்டாள். கத்தலைக் கேட்டு எதிர்வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அப்புறம் நாலு பேர்.

நல்லசிவம் காரை விட்டு இறங்கி, துண்டில் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படலைத் தள்ளி உள்ளே வந்தார். இரண்டடிதான் வைத்தார். குஞ்சுகள் ஓடி வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டன. செருப்பின் மேல் ஏறின, வேட்டிக் கரைக்குள் புகுந்தன, சூட்டுக்கு ஒண்டி ஒண்டிக் கண்ணை மூடின. அவர் ஒரு காலைத் தூக்கினார். கீழே வைக்க இடமில்லை. பண்ணை வைத்துப் பிழைத்தவர்; ஒரு குஞ்சை மிதித்தால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

தெருவில் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணி வெச்ச?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"பேர மாத்துனேனுங் மாமா. வேற ஒண்ணும் மாத்தல."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு குஞ்சு அவர் பெருவிரல் மேல் உட்கார்ந்து அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக எத்தன நாளைக்கு இப்பிடி நிக்கும்?"

"எறகு மொளைக்கற வரைக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் புதுசாப் பொரிக்கும் மாமா" என்றாள் சுகுணா. "டெய்லி பொரிக்கும்."